நிலப்பிரபுவுக்குப் பின் வந்தவன்: லியம் ஓ'பிளாஹேர்ட்டியின் புனைகதைகள் பற்றிய ஒரு நோக்கு

ஐரிஷ் இலக்கியம் என்றதும் நம் பல்கலைக்கழக மாணவரின் நினைவுக்கு முதலில் வருவோர் யேட்ஸ், ஜொய்ஸ், பெர்னாட் ஷா ஆகியோரே. லியம் ஓ'பிளாஹேர்ட்டி என்னும் பெயரைக் கேள்வியுற்றவர் நம்மிடையே சிலரே. அச்சிலரும் அவரைப் பெரும்பாலும் இரு வாயில்களால் அறிந்திருப்பர். பறக்க அஞ்சிப் பாறை விளிம்பிலே தனித்து நின்ற கடற்பறவைக் குஞ்சின் கதை அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலிலும் இடம்பெற்ற கதை அது. மற்றையது, ஜோன் போர்ட் 1935 இல் இயக்கிய ‘த இன்போமர்’ என்னும் திரைப்படம். முதலாவது வாயிலால் நுழைவோர் அவரைப் பறவை, விலங்குகளின் பாடகர் எனக் கொள்வர். இரண்டாவது வாயிலால் நுழைவோர் அவரை ஐரிஷ் விடுதலைப் போரின் கதாசிரியர் எனக் கொள்வர். இரண்டும் அரைகுறை உண்மைகளே. அவரது சிறந்த ஆக்கங்களை ஒருங்கே வைத்து நோக்கும்போது அவற்றினூடே ஒரு வினா விடாது தொடர்வதைக் காணலாம். அந்நிய நிலப்பிரபு போனபின் அவன் விட்டுச்சென்ற கதிரையில் அமர்ந்தவன் யார் என்பதே அவ்வினா. இக்கட்டுரை அவ்வினாவைப் பற்றிக்கொண்டே அவருடைய வாழ்வையும் எழுத்தையும் நோக்க முற்படுகின்றது.

அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், கோல்வே வளைகுடாவின் வாயிலிலே அரன் தீவுகள் மூன்று உள்ளன. அவற்றுட் பெரியதான இனிஷ்மோரில், கோர்ட் ந காப்பல் என்னும் சிற்றூரில், 1896 ஆகஸ்ட் 28 ஆம் திகதி ஓ'பிளாஹேர்ட்டி பிறந்தார். அத்தீவு வெறும் சுண்ணாம்புக் கற்பாறை. மண் அங்கு இயற்கையாக அமைந்ததன்று, மனிதரால் ஆக்கப்பட்டது. கடற்கரை மணலையும் கடற்சாதாளையையும் முதுகிற் சுமந்து வந்து பாறை மீது பரப்பி, தலைமுறை தலைமுறையாக உருவாக்கிய மண்ணிலேயே அம்மக்கள் உருளைக்கிழங்கு நட்டனர். அந்நிலத்திற்கும் குத்தகை கட்டினர். தன் கையால் ஆக்கிய மண்ணுக்குப் பிறனொருவனுக்கு வாரம் இறுப்பது எத்தகையது என்பதை ஓ'பிளாஹேர்ட்டி நூல்களிலிருந்து கற்கவேண்டியிருக்கவில்லை.

இத்தீவுகளுக்கு இலக்கிய உலகிலே ஏற்கெனவே ஒரு புகழ் இருந்தது. நாடகாசிரியர் ஜே. எம். சிங் 1898 இல் முதன்முதலாக அங்கு சென்றார். பின்னரும் பலமுறை சென்று தங்கிய அவர் 1907 இல் ‘அரன் தீவுகள்’ என்னும் நூலை வெளியிட்டார். 1934 இல் ரொபேட் பிளாஹேர்ட்டி ‘அரன் மனிதன்’ என்னும் திரைப்படத்தை எடுத்தார். (பெயரொற்றுமை கண்டு மயங்க வேண்டா. அவர் அமெரிக்கர்.) அப்படத்தில் வரும் சுறா வேட்டையைத் தீவினர் கைவிட்டு நெடுங்காலமாயிருந்தது. படத்திற்காகவே அவர்களுக்கு அது பயிற்றப்பட்டது. கடலும் காற்றும் மனிதனும் அங்கு உண்டு. குத்தகை வாங்குபவன் இல்லை, கடைமுதலாளி இல்லை, பங்குக் குருவானவரும் இல்லை. வெளியிலிருந்து வந்தவர் எத்துணை நேர்மையானவராயினும் முதலிற் காண்பது இயற்கையோடு பொருதும் மனிதனையே. அத்தீவிலே பிறந்தவனோ மனிதனோடு பொருதும் மனிதனையும் காண்கின்றான். ஓ'பிளாஹேர்ட்டியின் தமையனார் டொம் ஓ'பிளாஹேர்ட்டி அமெரிக்காவுக்குச் சென்று அங்குப் பொதுவுடைமை இயக்கத்தில் உழைத்தவர். அவரும் 1934 இல் அரன் மக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அண்ணன், தம்பி இருவரையும் அத்தீவு இடதுசாரிகளாக்கிற்று என்பது தற்செயலன்று.

ஓ'பிளாஹேர்ட்டி குருத்துவக் கல்விக்கென 1908 இல் டிப்பரெரியிலுள்ள றொக்வெல் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். குருவானவராகவில்லை. 1915 இல், தாயின் குடும்பப் பெயரான கன்லி என்பதைச் சூடிக்கொண்டு பிரித்தானியப் படையின் ஐரிஷ் காவற்படைப் பிரிவிற் சேர்ந்தார். 1917 இல் பெல்ஜியத்தில் லாங்கெமார்க் களத்திலே குண்டுவீச்சிற் காயமுற்று, மனநிலை குலைந்து, அடுத்த ஆண்டு விடுவிக்கப்பட்டார். பின்னர் கப்பற் கூலியாகவும் பிறவாறும் தென்னமெரிக்கா, துருக்கி, கனடா, ஐக்கிய அமெரிக்கா என அலைந்தார். ஊர் திரும்பியபோது நாடு இருகூறுபட்டு நின்றது. 1922 ஜனவரியில், பிரித்தானியாவோடு செய்த உடன்படிக்கையை டப்ளின் பாராளுமன்றம் ஏற்றுச் சில நாட்களே ஆகியிருந்த வேளையில், வேலையற்றோர் கூட்டமொன்றுக்குத் தலைமை தாங்கி டப்ளினின் ரொட்டண்டா மண்டபத்தைக் கைப்பற்றி அதன்மேற் செங்கொடி ஏற்றினார். சில நாட்களில் அம்முயற்சி முடிவுற்றது. அவர்களை எதிர்த்து வெளியே கூடி நின்றவர்கள் பிரித்தானியர் அல்லர், டப்ளின் மக்களே. அவ்வாண்டின் நடுப்பகுதியில் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது உடன்படிக்கையை எதிர்த்த குடியரசுவாதிகள் பக்கம் நின்றார். தோல்வி உறுதியானதும் லண்டன் சென்றார். அங்கேயே எழுத்தாளரானார்.

இவ்வரலாற்றை விரித்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. விடுதலை கிட்டிய அதே மாதத்தில் அவ்விடுதலை போதாதெனக் கொடியேற்றிய ஒருவரின் எழுத்து இது என்பதை மறந்தால், பின்வரும் நாவல்களின் கசப்பு வெறும் மனக்கோணலாகவே தோன்றும்.

லண்டனில் ஜோனதன் கேப் பதிப்பகத்தின் வாசகராக விளங்கிய எட்வேட் கார்னெட் அவரது ஆற்றலைக் கண்டுகொண்டார். கொன்ராட், டி. எச். லோறன்ஸ் ஆகியோருக்கு வழிகாட்டியவரும் இவரே. 1923 இல் முதல் நாவலும், டப்ளின் தெருச்சண்டையைப் பின்னணியாகக் கொண்ட ‘மறைந்திருந்து சுடுவோன்’ என்ற சிறுகதையும் வெளிவந்தன. கூரைமேலிருந்து தான் சுட்டுவீழ்த்திய எதிரி தன் உடன்பிறந்தானே என அறியும் இளைஞனின் கதை அது. பாடத் தொகுதிகளில் அடிக்கடி இடம்பெறும் இக்கதை, இறுதித் திருப்பத்திற்காகவே கட்டப்பட்டதெனத் தோன்றுவதால், அவரது தலைசிறந்த கதைகளுள் வைத்தெண்ணத் தக்கதன்று என்பதே என் கருத்து.

1925 இல் வெளிவந்த ‘த இன்போமர்’ அவருக்குப் புகழும் ஜேம்ஸ் டெய்ட் பிளக் நினைவுப் பரிசும் ஈட்டித் தந்தது. முன்னாட் பொலிஸ்காரனான ஜிப்போ நோலன், தன் தோழன் மக்பிலிப்பை இருபது பவுணுக்குக் காட்டிக்கொடுக்கின்றான். ஓர் இரவு முழுவதும் டப்ளினின் சேரித்தெருக்களில் அப்பணமும் அச்சமும் அவனைத் துரத்துகின்றன. விடியும் வேளையில், தான் காட்டிக்கொடுத்தவனின் தாயிடம் மன்னிப்புப் பெற்றுத் தேவாலயத்திலே வீழ்ந்து மடிகின்றான். போர்டின் திரைப்படம் இந்நிகழ்ச்சிகளை ஏறத்தாழ அவ்வாறே காட்டுகின்றது. சிறந்த இயக்குநருக்கும் நடிகருக்குமானவை உட்பட நான்கு ஒஸ்கார் விருதுகளையும் அது பெற்றது. ஆயினும், படத்திற்கும் நாவலுக்கும் இடையே உள்ள ஒரு வேறுபாடு நம் கவனத்திற்குரியது. படத்திலே கதை பிரித்தானியப் படைக்கு எதிரான போராட்டக் காலத்தில் நிகழ்கின்றது. காட்டிக்கொடுக்கப்படுபவன் தேசத்தின் வீரன். நாவலிலோ பிரித்தானியர் ஏற்கெனவே போய்விட்டனர். மக்பிலிப் தேடப்படுவது, கமத்தொழிலாளர் வேலைநிறுத்தமொன்றின்போது கமக்காரர் சங்கத்தின் செயலாளரைக் கொன்றமைக்காக. அவன் சார்ந்த ‘அமைப்பு’ தொழிலாள வர்க்கப் புரட்சியை நாடுவது. அவனைத் தேடும் பொலிஸ் சுதந்திர அயர்லாந்தின் பொலிஸ். அதாவது, நாவல் கூறுவது ஐரிஷ்காரனுக்கும் ஐரிஷ்காரனுக்கும் இடையிலான வர்க்கப் பகையை. ஹொலிவூட் அதனை ஐரிஷ்காரனுக்கும் ஆங்கிலேயனுக்கும் இடையிலான பகையாக மாற்றிவிட்டது. ஒரே பாத்திரங்கள், ஒரே தெருக்கள், ஒரே சாவு. அரசியல் மட்டும் வேறு. தேசியப் பகை எங்கும் விலைபோகும், வர்க்கப் பகை விலைபோகாது என்பதைப் படத் தயாரிப்பாளர் நன்கறிந்திருந்தனர் போலும்.

எனினும், குறை முழுவதையும் ஹொலிவூட்டின்மேற் சுமத்துதல் நியாயமாகாது. நாவலிலேயே ஒரு பிளவு உள்ளது. வேலைநிறுத்தமும் அமைப்பும் பின்னணியிற் கூறப்படுகின்றன. முன்னணியில் நிற்பவனோ சிந்திக்கும் ஆற்றல் குன்றிய, உடல்வலிமை மட்டுமே கொண்ட ஒருவன். அவனை ஆசிரியர் இடைவிடாது விலங்கோடும் மரத்தோடும் ஒப்பிட்டுச் செல்கின்றார். பசியும் குளிரும் ஒருவனைத் துரோகியாக்கும் சமூக நிலையைக் காட்டத் தொடங்கிய கதை, மந்தபுத்தியுள்ள பேருருவமொன்றின் வீழ்ச்சியாக முடிகின்றது. மனிதனை வரலாற்றின் பேறாகக் காண்பதா, இயற்கையின் பேறாகக் காண்பதா என்ற தடுமாற்றம் ஓ'பிளாஹேர்ட்டியிடம் இறுதிவரை நீங்கவில்லை. டப்ளின் நகரத்தைக் களமாகக் கொண்ட நாவல்களில் இத்தடுமாற்றம் மிகுதி. ‘கில்ஹூலி’ (1926), ‘கொலையாளி’ (1928), ‘தூய்மைவாதி’ (1931) ஆகியவற்றைப் படிப்போர் அவற்றின் வேகத்தை மறுக்கமாட்டார். ஆயினும் அவற்றின் மாந்தர் யாவரும் காய்ச்சல் கண்டவர்போலவே நடமாடுகின்றனர். நகரத்து மனிதர் எவ்வாறு உழைத்து உண்கின்றனர் என்பதை அவர் நெருங்கி அறியவில்லை. ஆகவே அவர்களுக்கு உளநோய் ஒன்றையே அவரால் அளிக்க முடிந்தது.

உழைப்பை அவர் அறிந்த இடம் அரன். ‘இளவேனில் விதைப்பு’ (1924) தொகுதியின் தலைப்புக் கதையை இதற்குச் சான்றாக நோக்கலாம். மணமாகி முதல் இளவேனிலில் மாட்டினும் மேரியும் உருளைக்கிழங்கு நடப் போகின்றனர். கதையில் வேறு நிகழ்ச்சி எதுவும் இல்லை. வரம்பு கட்டுதல், சாதாளை பரப்புதல், விதைக்கிழங்கை வரிசையில் இடுதல், மண் மூடுதல், நண்பகல் உணவு, மீண்டும் வேலை. தங்கள் முதலாவது நடுகையை ஊர் பார்த்துக்கொண்டிருக்கின்றது என்ற பெருமிதம் கணவனை விரைவுபடுத்துகின்றது. மேரியோ, கூன் விழுந்த முதியோரைக் கண்டதும், இம்மண்ணுக்குத் தான் ஆயுள் முழுவதும் அடிமையாகப் போவதை ஒரு கணம் உணர்ந்து நடுங்குகின்றாள். அந்நடுக்கமும் கடந்து போகின்றது. மாலையில் இருவரும் தாம் கட்டிய வரம்புகளை நோக்கி நிற்கின்றனர். உழைப்பின் மகிழ்ச்சியும் உழைப்பின் அடிமைத்தனமும் ஒரே நாளில், ஒரே வயலில், ஒன்றையொன்று மறுக்காது நிற்பதைக் காட்டிய கதைகள் எம்மொழியிலும் அரிது.

ஐரிஷ் சிறுகதையாசிரியர் பிராங்க் ஓ'கொனர் 1963 இல் வெளியிட்ட ‘தனித்த குரல்’ என்னும் நூலிலே, சிறுகதை சமூகத்தின் விளிம்பில் அமிழ்ந்து கிடக்கும் குழுக்களின் தனிமையைப் பேசும் வடிவம் என்று வாதிட்டார். சிறுகதை ஆராய்ச்சியில் ஈடுபடுவோர் இக்கருத்தைப் பெரிதும் எடுத்தாள்வர். ஆனால் ‘இளவேனில் விதைப்பு’ இவ்விதிக்குள் எளிதில் அடங்காது. அங்குள்ளது தனிமையன்று. இருவர் சேர்ந்து செய்யும் வேலை, அதனைப் பார்த்து நிற்கும் ஊர், அவ்வூரின் பின்னால் அதே வேலையைச் செய்து மடிந்த தலைமுறைகள். ‘நாடு துறத்தல்’ என்னும் கதையிலும் இதுவே உண்மை. பீனி குடும்பத்தின் மூத்த பிள்ளைகள் இருவர் மறுநாட் காலை பொஸ்டன் நகருக்குப் புறப்படுகின்றனர். அவ்விரவு வீட்டில் ஆட்டமும் பாட்டும் நிகழ்கின்றன. அமெரிக்காவுக்குச் செல்வோருக்கு இவ்வாறு விழித்திருந்து விடைகொடுப்பதை, இறந்தோரருகே விழித்திருக்கும் சடங்கின் பெயராலேயே ஐரிஷ் மக்கள் அழைத்தனர். தந்தையும் மகனும் முற்றத்திலே நின்று பேசிக்கொள்கின்றனர். பேச வேண்டியதொன்று இருவர் நெஞ்சிலும் இருக்க, வாயில் வருவன வீட்டுக் காரியங்களே. தாயின் ஓலம் இறுதியில் வருகின்றது. ஆயினும் கதையின் மையம் அம்முற்றத்திலேயே உள்ளது. தனித்த மனிதனின் குரலன்று இது. பிரியப்போகும் ஒரு குடும்பம் பேசாது விட்டதே கதையாகியுள்ளது.

விலங்குக் கதைகளையும் இந்நோக்கிலேயே அணுகுதல் வேண்டும். ‘பசுவின் சாவு’ கதையில், இறந்து பிறந்த கன்றைச் செங்குத்துப் பாறையிலிருந்து எறிந்துவிடுகின்றனர். அதனைத் தேடிச் சென்ற தாய்ப்பசு கீழே கன்றின் உடலைக் கண்டு தானும் பாய்கின்றது. ‘காயமுற்ற நீர்க்காகம்’ கதையிலே கல் விழுந்து காலொடிந்த பறவையை அதன் இனமே கொத்திக் கொல்கின்றது. இவற்றிலே தத்துவம் பேசப்படவில்லை. இரக்கமும் கோரப்படவில்லை. நலிந்ததைக் கூட்டம் தாங்குமா, தள்ளுமா என்ற வினா மட்டும் வெறுமையாக நிற்கின்றது. அவ்வினாவை அவர் பின்னர் மனிதரிடத்தே எடுத்துச்சென்றார் என்பதைக் கீழே காண்போம். ‘பிரிவு’ என்னும் பிற்காலக் கதையில் இரு உலகங்களும் ஒரே கப்பலில் ஏறுகின்றன. குருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்படும் சிறுவனும் சந்தைக்கு அனுப்பப்படும் மாடுகளும் ஒன்றாகத் தீவை நீங்குகின்றனர். ஆசிரியர் ஒப்புமையை வாய்விட்டுக் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் இல்லை.

இனி நம் வினாவிற்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நிலப்போராட்டமும் 1903 ஆம் ஆண்டின் நிலச்சட்டமும் குத்தகைக்காரர் நிலத்தை விலைக்கு வாங்க வழிவகுத்தன. நிலப்பிரபு மெல்ல மறைந்தான். கிராமத்திலே அதிகாரம் மறைந்துவிடவில்லை. கடனுக்குச் சாமான் கொடுத்து, வட்டியும் வாங்கி, விளைவையும் தானே கொள்முதல் செய்யும் கடைமுதலாளி எழுந்தான். அவனை ஐரிஷ் வழக்கிலே ‘கொம்பீன்காரன்’ என்பர். அவன் ஆங்கிலேயனல்லன், புரட்டஸ்தாந்தனுமல்லன். ஞாயிறுதோறும் அதே தேவாலயத்தில் முன்வரிசையிலே முழந்தாளிடுபவன்.

1929 இல் வெளியான ‘பொன் இல்லம்’ என்னும் நாவல் இம்மனிதனையே நடுவில் நிறுத்துகின்றது. துறைமுகச் சிறுநகரொன்றின் வணிகம் அனைத்தையும் தன் கைக்குள் வைத்திருக்கும் ரமோன் மோர் கொஸ்டெலோவின் வீழ்ச்சி ஒரேநாட் பொழுதிற் சொல்லப்படுகின்றது. அவ்வாண்டிலேயே அயர்லாந்தில் வெளியீட்டுத் தணிக்கைச் சட்டம் நிறைவேறிற்று. 1930 இல், ஐரிஷ் எழுத்தாளர் நாவல்களுள் முதலாவதாக இந்நாவல் தடைசெய்யப்பட்டது. ஒழுக்கக்கேடே காரணமெனக் கூறப்பட்டது. நாவலிலே பாலியற் கூறுகள் உள்ளனவென்பது உண்மையே. ஆயினும் வணிகனும் குருவானவரும் புதிய ஆட்சியும் கைகோத்து நிற்கும் காட்சி அதிகாரிகளுக்கு உவப்பளித்திருக்க முடியாது. ஆங்கிலேயர் ஆட்சியில் தடையின்றி எழுதியிருக்கக்கூடிய ஒன்றை விடுதலைபெற்ற நாட்டில் எழுத முடியாமற் போயிற்று என்பது எளிதில் விழுங்கத்தக்க உண்மையன்று.

‘ஸ்கெரெட்’ (1932) இதனிலும் முதிர்ந்த படைப்பு. ஒரு தீவின் பாடசாலை ஆசிரியருக்கும் அதன் பங்குக் குருவானவருக்கும் இடையே மூண்ட நெடும்பகை இதன் பொருள். இளமையில் அரன் தீவில் அவர் கண்ட உண்மைப் பகையொன்றும், அவருக்கே கற்பித்த ஆசிரியரும் இதற்கு மூலம். குருவானவர் மொய்க்ளேர் கொடியவரல்லர் என்பதே நாவலின் வலிமை. தீவுக்குப் படகுகளும் வீதிகளும் வணிகமும் அவராலேயே வருகின்றன. அவற்றோடு தமது செல்வாக்கையும் செல்வத்தையும் அவர் வளர்த்துக்கொள்கின்றார். ஸ்கெரெட்டோ முரடர், மாணவரை அடிப்பவர், பிடிவாதமானவர். மக்களின் மொழியைக் கற்று அவர்கள் பக்கம் சாய்ந்தபின் தொழில், வீடு, அறிவு யாவற்றையும் இழந்து மனநோய் விடுதியில் இறக்கின்றார். அபிவிருத்தி வென்றது, மனிதர் தோற்றார். ஆசிரியர் எப்பக்கமும் எளிதாகச் சாயவில்லை. அபிவிருத்தியைக் கொண்டுவருபவனே அதன் விலையையும் நிர்ணயிக்கின்றான் என்பதை இந்நாவல் கூறுமளவு தெளிவாக அக்காலத்தில் வேறெந்த ஐரிஷ் நாவலும் கூறியதாகத் தெரியவில்லை.

‘பஞ்சம்’ (1937) அவருடைய பேராக்கம் என்பதில் விமரிசகரிடையே பெரும் கருத்துவேறுபாடு இல்லை. 1845 இல் உருளைக்கிழங்கைப் பற்றிய பூஞ்சண நோயால் மூண்டது அப்பஞ்சம். 1841 இல் ஏறக்குறைய 82 இலட்சமாக இருந்த அயர்லாந்தின் குடித்தொகை 1851 இல் ஏறக்குறைய 65 இலட்சமாகக் குறைந்தது. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதே அளவினர் நாடு நீங்கினர். நோயால் அழிந்தது கிழங்கு மட்டுமே. நாட்டிலே தானியம் விளைந்தது, கால்நடை வளர்ந்தது. அவை துறைமுகங்களூடே ஏற்றுமதியாயின.

இத்தகைய பேரழிவை எழுத முற்படும் நாவலாசிரியன் எண்ணிக்கைக்குள் மூழ்கிவிடுதல் கூடும். ஓ'பிளாஹேர்ட்டி கில்மாட்டின் குடும்பத்தின் அடுப்படியிலிருந்து தொடங்குகின்றார். தொடக்கத்தில் பசி இல்லை. புதிதாக வந்த மருமகள் மேரி வீட்டுப் பொறுப்பை மாமியிடமிருந்து தன் கைக்கு எடுத்துக்கொள்வதும், கிழவர் பிரையன் அதனை முணுமுணுப்போடு ஏற்பதுமே முதலில் நிகழ்வன. இச்சிறு அதிகார மாற்றத்தை அத்துணை நுணுக்கமாகக் காட்டியமையால், பின்னர் நோய் வந்து இலைகள் கருகும்போது எவ்வுலகம் அழிகின்றதென்பதை நாம் அறிந்திருக்கின்றோம். நிலப்பிரபுவின் முகவன் சட்விக் கொடியவன். எனினும் நாவல் அவனோடு நின்றுவிடவில்லை. கடைமுதலாளி ஜொனி ஹைன்ஸும் அதே ஊரில் இருக்கின்றான். பசித்தோரின் இறுதிப் பொருளும் அவன் கல்லாப்பெட்டியை நோக்கியே நகர்கின்றது. நிலப்பிரபுவின் முகவன் கொல்லப்படுகின்றான், கடைமுதலாளியோ நிலைத்து நிற்கின்றான். அடுத்த நூறாண்டின் அயர்லாந்து இவ்விரண்டு வரிகளுக்குள் அடங்கியுள்ளது எனலாம்.

குருவானவர் ரோச் பாத்திரமும் எண்ணத்தக்கது. அமைதி காக்குமாறு மக்களை இடையறாது போதித்தவர் அவர். டானியல் ஓ'கொனலின் சாத்வீக அரசியலில் ஊறியவர். அவரது நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் மக்கள் எலும்புக்கூடுகளாகச் சாயும்போது அந்நல்லெண்ணம் யாருக்குப் பயன்பட்டது என்ற வினா அவரையே வருத்துகின்றது. இறுதியில் மேரியும் கணவனும் குழந்தையோடு அமெரிக்கக் கப்பலேறுகின்றனர். மண்ணை விட்டு வர மறுத்த பிரையன், மனைவியின் உடலைப் புதைக்கக் குழிதோண்ட முயன்று, வலுவின்றி, தன் நிலத்திலேயே வீழ்ந்து இறக்கின்றார். நாவலிற் குறையில்லை என்பதற்கில்லை. சில இடங்களில் ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு வரலாற்று விரிவுரை நிகழ்த்துகின்றார். பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்கு அது உதவலாம், நாவலுக்கு உதவவில்லை. அவ்விரிவுரைகளை நீக்கினும் நாவலின் வலிமை குன்றாது.

பத்தாண்டுகளுக்குப் பின் வந்த ஒரு சிறுகதையோ அவ்விரிவுரை கூற முயன்ற அனைத்தையும் விரிவுரையின்றியே கூறிவிடுகின்றது. 1948 இல் வெளியான தொகுதியின் தலைப்புக் கதையை ‘இரண்டு அழகிய மாடுகள்’ எனலாம். மூலத்திலுள்ள சொல்லுக்கு அகராதி ‘விலங்கு’ என்றே பொருள் தரும். ஐரிஷ் கிராமத்தார் பேச்சிலே அது மாட்டைக் குறிப்பது. இருபொருளும் ஆசிரியருக்கு வேண்டியிருந்தன என்பது கதை முடிவில் விளங்கும். விதவையொருத்தியின் பசு இறந்துபோகின்றது. தாயற்ற கன்றை வாங்குமாறு கொம் டெரேன் என்பவனிடம் அவள் வேண்டுகின்றாள். அவனிடம் ஏற்கெனவே ஒரு கன்று உண்டு. ஊரில் எழுதாச் சட்டமொன்றும் உண்டு: பால் உள்ளவன் பால் அற்ற வீட்டாருக்குக் கொடுத்தல் வேண்டும், ஒருவன் பசுவின் பாலில் இரு கன்றுகளை வளர்த்தல் ஆகாது. நீண்ட மனப்போராட்டத்தின்பின் அவன் வாங்குகின்றான். அயலாரின் குழந்தைகளுக்குச் சென்ற பால் கன்றுக்குச் செல்கின்றது. ஊர் அவனை விலக்கி வைக்கின்றது. தன் மனைவி மக்களையும் அவன் அரைவயிற்றில் வைத்துக் கன்றுகளை வளர்க்கின்றான். யுத்தகால விலையேற்றம் அவனுக்குக் கைகொடுக்கின்றது. கடை வைக்கின்றான், செல்வனாகின்றான். இறுதியில் அவன் வண்டியேறி ஊரை விட்டுப் போகும்போது பின்னாலிருந்து எழும் வசைமொழி அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கண்கள் முன்னோக்கியே நிலைகுத்தி நிற்கின்றன.

‘பொன் இல்ல’த்தில் அரக்கனாகவும், ‘பஞ்ச’த்திலே பின்னணியாகவும் நின்ற கொம்பீன்காரன் எங்கிருந்து வருகின்றான் என்பதற்கு விடை இக்கதை. அவன் வானத்திலிருந்து இறங்கியவனல்லன். நம் அயல் வீட்டிலே, பசித்த குழந்தைகளின் நடுவே, உறக்கமற்ற ஓர் இரவில் எடுத்த ஒரு முடிவிலிருந்து உருவாகின்றான். அம்முடிவை நாம் வெறுக்கவும் முடியவில்லை, ஏனெனில் வறுமையிலிருந்து மீள அவனுக்கு வேறு வழி காட்டப்படவில்லை. கதை அவனைக் கண்டிக்கவில்லை, போற்றவுமில்லை. நீர்க்காகங்களைப் பார்த்த அதே கண் இங்கு மனிதரைப் பார்க்கின்றது. முன்னைய நாவல்களில் மனிதனை விலங்காகக் கண்டது ஆசிரியரின் குறையென்றோம். இங்கு மனிதன் விலங்காகும் வரலாற்றுக் கணத்தை அவர் பிடித்துவிட்டார். குறையே பலமாகிய இடம் இது.

1950 இல் ஈஸ்டர் எழுச்சியைப் பொருளாகக் கொண்ட ‘கிளர்ச்சி’ வந்தது. அதன்பின் நாவல் எதனையும் அவர் வெளியிடவில்லை. 1953 இல் பதினெட்டுக் கதைகள் கொண்ட ‘டூல்’ என்னும் ஐரிஷ் மொழித் தொகுதி வெளிவந்தது. தலைப்பின் பொருள் வேட்கை. தீவின் மொழி ஐரிஷ். அவர் எழுதிப் பிழைத்த மொழி ஆங்கிலம். 1926 இல் ‘இருள்’ என்னும் நாடகத்தை ஐரிஷில் எழுதி மேடையேற்றியும், அம்மொழியில் எழுதுவோனுக்கு வாசகரும் இல்லை, ஊதியமும் இல்லை என்பதை அவர் அனுபவத்தால் அறிந்தார். அரசு அம்மொழியைத் தேசிய மொழியென முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. ‘பசுவின் சாவு’ உட்படப் பல கதைகள் இரு மொழிகளிலும் உள்ளன. எது மூலம், எது பெயர்ப்பு என்பது எல்லாக் கதைகளிலும் ஒன்றுபோல் இல்லை. இரண்டையும் ஒப்பிட்ட ஐரிஷ் அறிஞர் சிலர், ஐரிஷ் வடிவம் சொற்செட்டுமிக்கது எனவும், ஆங்கில வடிவில் வாசகனுக்கென விளக்கங்கள் கூடியுள்ளன எனவும் கொள்வர். இதனை ஏற்போமாயின், நாம் ஆங்கிலத்திற் படித்து வியக்கும் அச்சிக்கனம், மற்றொரு மொழியில் இன்னும் சிக்கனமாகச் சொல்லப்பட்டதன் நிழலே ஆகும்.

அதன்பின் மூன்று தசாப்தங்கள் அவர் ஏறக்குறைய மௌனமாகவே வாழ்ந்தார். எழுபதுகளில் டப்ளினின் வுல்ப்ஹவுண்ட் பதிப்பகம் அவரது நூல்களை மீளப் பதிப்பிக்கத் தொடங்கியது. ‘ஸ்கெரெட்’, ‘பஞ்சம்’ ஆகியவை புதிய தலைமுறையின் கைக்குச் சென்றன. 1984 செப்டெம்பர் 7 ஆம் திகதி, எண்பத்தெட்டாவது வயதில், அவர் டப்ளினிலே காலமானார். கொம்பீன்காரனின் வீழ்ச்சியைக் கூறிய ‘பொன் இல்லம்’ மட்டும் அவர் வாழ்ந்த காலத்தில் அயர்லாந்தில் மறுபதிப்புக் காணவில்லை. அது மீண்டும் அச்சேறியது 2013 இல்.